ஒப்புக்கொடுக்க மூன்று வழிகள்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறிஸ்தவர் எதைத் தேர்ந்தெடுப்பது?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த வசன அட்டையைப் பர்சில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் பலருக்கும் தீர்மானம் ஒன்றுதான்: “இந்த வருஷமாவது என்னை முழுசா ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கணும்.” பிப்ரவரி வந்ததும் அடுத்த கேள்வி வருகிறது. சரி, எப்படி? ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் “சுயம் சாகணும்” என்று கேட்கிறோம். திங்கட்கிழமை ஆபீசில் மேனேஜர், “ஐந்து வருஷத்தில் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?” என்று மதிப்பீட்டுப் படிவத்தில் எழுதச் சொல்கிறார். இரண்டுக்கும் ஒரே ஆள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியோடு இங்கே ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் தட்டக்கூடிய கதவுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஒன்று, ஒரு வழிகாட்டியோடு தனியாகச் செய்யும் இஞ்ஞாசியார் தியானம், அதாவது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் வகுத்த முறை. இரண்டு, வாரந்தோறும் கூடும் சிறு குழு. மூன்று, உபவாச ஜெபமும் தீர்க்கதரிசனமும் முக்கியமாக இருக்கும் சபை வாழ்க்கை. நான் மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவன். மனைவி வீட்டார் ஓஃபிர் ரோட்டில், 1888இல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டி முடிக்கப்பட்ட லூர்து அன்னை ஆலயத்துக்குப் போகிறவர்கள். சித்தப்பா ஒருவர் பெந்தெகொஸ்தே. மூன்று பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற தகுதியில்தான் இதை எழுதுகிறேன். இறையியல் பட்டம் எதுவும் இல்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தன்னை ஒப்புக்கொடுப்பது என்றால் ஆளே காணாமல் போவது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படும் வசனம் கலாத்தியர் 2:20: “இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்.” அதே அதிகாரத்தில் ஒன்பது வசனம் மேலே போய்ப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தேன் என்று பவுல் எழுதியிருக்கிறார். புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல ஒதுங்கிக்கொண்டார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாகக் கேட்டார். “இனி நான் அல்ல” என்று எழுதியவரின் கோபமும் வாதத் திறமையும் பிடிவாதமும் அப்படியே இருக்கின்றன. அவருக்குள் மாறியது வேறு ஏதோ.

கெத்செமனேயும் அப்படித்தான். “உம்முடைய சித்தத்தின்படியே” என்பதை மட்டும் நாம் பிடித்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்ற வேண்டுதல் இருக்கிறது. மத்தேயு எழுதியபடி, இயேசு மூன்று முறை போய் ஜெபித்தார். தனக்கு என்ன வேண்டும் என்று பிதாவிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகே அதை விட்டுக்கொடுத்தார். தனக்கு என்ன வேண்டும் என்றே தெரியாதவர் எதை விட்டுக்கொடுப்பார்?

மனிதச் சித்தம் முழுவதும் அழிந்து, ஆத்துமா ஒன்றுமே செய்யாமல் இருப்பதுதான் உச்சம் என்று மோலினோஸ் என்ற ஸ்பானியக் குரு 17ஆம் நூற்றாண்டில் ரோமில் கற்பித்தார். கூட்டம் கூடியது. 1687இல் போப் 11ஆம் இன்னசென்ட் அவருடைய 68 கூற்றுகளைத் தவறு என்று அறிவித்தார். அந்தக் கற்பிதம் அதோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. நம் ஊர் மேடைகளிலும் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது.

ஆகவே என் அளவுகோல் இது. நான் ஒப்புக்கொடுப்பது என்னுடையதுதானா? அது கடைசியில் யார் கையில் போய்ச் சேருகிறது?

இஞ்ஞாசியார் வழி

1521இல் பம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்தபோது இஞ்ஞாசியாருக்கு வயது முப்பதுக்குப் பக்கம். படுக்கையில் கிடந்தவர் ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். வீரச் செயல்கள், அரண்மனைப் பெண்மணி என்று கனவு காணும்போது சுகமாக இருந்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்ந்தால் என்ன என்று நினைத்தபோது வந்த மகிழ்ச்சி, நினைப்பு முடிந்த பிறகும் தங்கியது. அவருடைய தியான முறை முழுவதும் இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்தது. 1548இல் திருச்சபை அதற்கு அனுமதி தந்தது.

முழுத் தியானம் என்றால் ஏறக்குறைய 30 நாள் மௌனம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அவரே தன் கையேட்டின் 19ஆம் குறிப்பில் மாற்று வழி வைத்திருக்கிறார். இன்று அதைப் பெரும்பாலும் இப்படிச் செய்கிறார்கள்: வீட்டில் இருந்தபடியே தினமும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய ஜெபம், வழிகாட்டியோடு வாரம் ஒரு சந்திப்பு, இப்படிப் பல மாதம். சிங்கப்பூரில் இதற்கு முதலில் விசாரிக்க வேண்டிய இடம் விக்டோரியா பார்க் ரோட்டில் இயேசு சபையினர் நடத்தும் கிங்ஸ்மீட் ஹால். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் உலகம் முழுவதும் இந்தத் தியானத்தைச் செய்கிறார்கள், ஆகவே சபை வேறு என்று தயங்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ஒவ்வொரு ஜெப நேரமும் “நான் விரும்புவதைக் கேட்பது” என்ற படியோடு தொடங்குவது. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, இது அதிர்ச்சியாக இருக்கும். எந்தப் பாடம் படிப்பது, எந்தக் கல்லூரி, எந்தச் சபை, எந்த வரன் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்த ஒருவரிடம் போய் “உன் சித்தத்தை விட்டுவிடு” என்று சொன்னால் அவர் உடனே தலையாட்டுவார். அது பழக்கத்தில் வந்த தலையாட்டல். அவரிடம் ஒருவர் வாராவாரம் உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன வேண்டும்? ஜெபத்தில் அதை ஆண்டவரிடம் சொன்னீர்களா? சொன்னபோது மனசு எப்படி இருந்தது?” என்று கேட்டால் பல வாரங்களுக்குப் பதிலே வராது. வரும்போது கண்ணீரோடு வரும்.

வழிகாட்டிக்கும் கடிவாளம் உண்டு. 15ஆம் குறிப்பு, தியானம் செய்பவரை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக்கூடாது, படைத்தவரும் படைப்பும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள விட வேண்டும் என்கிறது. குருவாகப் போ என்றோ கல்யாணம் செய் என்றோ சொல்ல அவருக்கு அந்த நேரத்தில் உரிமை இல்லை. ஆலோசனை சொல்லாமல் ஐந்து நிமிடம் இருக்க முடியாத சமூகம் நம்முடையது. அதில் இப்படி ஒரு காது கிடைப்பதே பெரிய விஷயம். இந்தப் பாதையின் கடைசியில்தான், என் சுதந்திரம், நினைவு, அறிவு, சித்தம் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் என்ற புகழ்பெற்ற ஜெபம் வருகிறது. முதல் நாளே அதைச் சொல்ல வைப்பதில்லை.

குறைகளும் இருக்கின்றன. தன் மனசையே பார்த்துக்கொண்டிருப்பது சிலருக்கு ருசித்துவிடும். எட்டு மாதம் தன் உணர்வுகளைப் பற்றி நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிவிட்டு, வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்ணிடம் பழையபடியே கத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், மொழி. ஆபீஸ் வேலையை ஆங்கிலத்தில் முடித்துவிடலாம். அழுகையும் ஜெபமும் தமிழில்தான் வரும் என்பவர்கள், தமிழில் பேசும் வழிகாட்டி கிடைப்பாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சிறு குழு

1742இல் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்டுகள், கூட்டம் நடத்தும் கட்டடத்தின் கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் யோசனை சொன்னார். ஏழைகளால் முடியாதே என்றதற்கு, பதினொரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், அவர்களால் முடியாவிட்டால் நான் போடுகிறேன் என்றார். வசூலுக்குப் போன தலைவர்கள் அந்தந்த வீட்டு நிலவரத்தையும் பார்த்தார்கள்: யார் குடிக்கிறார்கள், யார் வீட்டில் சண்டை, யார் ஜெபிப்பதை விட்டுவிட்டார்கள் என்று. கடன் வசூல் ஆத்தும விசாரிப்பாக மாறியது இப்படித்தான். பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக் கூட்டம், “உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?” என்ற கேள்வி, வாரம் ஒரு முறை.

மெதடிஸ்ட் ஊழியம் சிங்கப்பூருக்கு வந்தது 1885இல். ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபை தொடங்கி, இன்று இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாட்டில் உள்ள சபைகள் வரை அந்த வழியில் வந்தவைதான். ஆனால் சிறு குழு என்பது மெதடிஸ்டுகளுக்கு மட்டும் சொந்தமில்லை. ஆங்கிலிக்கன், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று எல்லாரிடமும் ஏதோ ஒரு பெயரில் வீட்டுக்கூட்டம் இருக்கிறது.

வெளிப்படையாகச் சொல்வதென்றால், நம் வீட்டுக்கூட்டங்களில் பாதி, பாட்டும் வேத பாடமும் முடிந்து பஜ்ஜி, மீ கோரெங்கில் போய் நின்றுவிடுகின்றன. யாரும் யாரிடமும் ஆத்துமாவைப் பற்றிக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட குழுவில் சேர்ந்தால் நட்பு கிடைக்கும், அதுவும் நல்லதுதான். நாம் பேசும் வளர்ச்சிக்கு அது போதாது. போன வாரம் என்ன செய்வேன் என்று சொன்னாயோ அதைச் செய்தாயா என்று கேட்கத் துணிந்த நான்கைந்து பேர் இருக்கும் குழுவாகப் பாருங்கள்.

இந்த வழி யாருக்கு? தன் பேச்சு எடுபட்டே பழகியவர்களுக்கு. வீட்டில் அப்பா, ஆபீசில் டைரக்டர், சபையில் கமிட்டி மெம்பர் என்று மூன்று நாற்காலி வைத்திருக்கும் ஒருவருக்கு, தன்னைவிட இருபது வயது இளைய ஒருவன் “அண்ணே, நீங்க போன வாரம் அக்காகிட்ட மன்னிப்பு கேக்கறேன்னு சொன்னீங்களே” என்று கேட்பது பெரிய சிலுவை. தனித் தியானத்தில் அவர் ஆண்டவரைக்கூடப் பேசிச் சமாளித்துவிடுவார். குழுவில் அது நடக்காது.

மெதடிஸ்டுகளிடம் இன்னொன்றும் உண்டு, உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி அதை 1755இல் லண்டனில் தொடங்கினார். இங்கே புது வருஷத் தொடக்கத்தில் நடத்துவது வழக்கம். நான் இனி எனக்குச் சொந்தமல்ல, உமக்கே சொந்தம் என்று தொடங்கும் அந்த ஜெபத்தில், உமக்காக வேலையில் அமர்த்தும், அல்லது உமக்காக ஒதுக்கி வையும் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. ஆட்குறைப்புக் கடிதம் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் அந்த வரியைச் சபையோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்வது சாதாரண விஷயமில்லை. ஐம்பது வயதில் வேலை போன ஒருவருக்கு, பதவி அட்டையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் தான் யார் என்ற கேள்விக்கு அந்த வரி ஒரு பதில் வைத்திருக்கிறது: ஒதுக்கி வைக்கப்பட்ட நாட்களும் ஆண்டவருடைய கணக்கில்தான் இருக்கின்றன. தனித்தன்மையைத் தொழிலோடு ஒட்டிவைத்திருக்கும் நமக்கு மூன்று வழிகளிலும் மிக நேரடியான வைத்தியம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதன் ஆபத்து, ஊர் சின்னது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் ஏதோ ஒரு வகையில் உறவு. வெள்ளிக்கிழமை ஈசூனில் “ஜெபக் குறிப்பாக” சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜூரோங்கில் இருக்கும் அத்தைக்குத் தெரிந்துவிடும். சேரும் முன் குழுத் தலைவரிடம், இங்கே பேசியது வெளியே போனால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர் சிரித்து மழுப்பினால் வேறு குழு பாருங்கள்.

உபவாச ஜெபமும் தீர்க்கதரிசனமும்

படித்தவர்கள் இதை லேசாகச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அது சரியில்லை. துக்கம், குடி, கடன், தீராத வியாதி என்று முழங்கால் தானாக மடங்கும் நேரத்தில், நோட்டுப் புத்தகமும் வேண்டாம், கேள்வியும் வேண்டாம். பட்டினியிருந்து, தரையில் விழுந்து, தமிழில் கதறி ஜெபிக்க ஒரு இடம் வேண்டும். பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத அம்மா தலையில் கை வைத்து அழ வேண்டும். ஒப்புக்கொடுத்தல் அங்கே உடம்பில் நடக்கிறது. ஊரையும் குடும்பத்தையும் விட்டு வேலைக்கு வந்து, ஞாயிறு ஒரு நாள் மட்டும் வெளியே வரும் தம்பிகள் பலருக்கு அந்த மூன்று மணி நேரம்தான் வாரத்தின் உயிர்.

சிக்கல் “ஆண்டவர் உன்னைப் பற்றி என்னிடம் சொன்னார்” என்ற இடத்தில் தொடங்குகிறது. அப்போஸ்தலர் 21ஆம் அதிகாரத்தைக் கவனியுங்கள். செசரியாவில் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்கொண்டு, இந்தக் கச்சைக்கு உரியவனை எருசலேமில் இப்படிக் கட்டுவார்கள் என்றார். கூட இருந்தவர்கள் எல்லாரும், போக வேண்டாம் என்று அழுதார்கள். பவுல் போனார். தீர்க்கதரிசனம் பொய்யில்லை. ஆனால் அதிலிருந்து “ஆகவே போகாதே” என்ற முடிவை எடுத்தவர்கள் சுற்றியிருந்தவர்கள். முடிவு பவுலுடையதாகவே இருந்தது. கடைசியில் அவர்களும், கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று அமர்ந்துவிட்டார்கள். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய அதே பவுல், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று அடுத்த வசனத்திலேயே எழுதுகிறார்.

ஒருவர் தன் வாழ்க்கையின் முடிவை மேடையில் நிற்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதை ஆண்டவரிடம் ஒப்படைத்ததாக நினைத்துக்கொள்வது இந்த வழியின் தனி அபாயம். சபைக்குப் போவதை நிறுத்தச் சொல்லவில்லை. நமக்கு ஒரு வார்த்தை வந்தால், “இதை நான் சில வாரம் ஜெபித்துப் பார்க்கட்டுமா? வேறொரு போதகரிடமும் கேட்கட்டுமா?” என்று கேட்க வேண்டும். சரி என்பவர் நல்ல மேய்ப்பர். கோபப்படுகிறவரிடம், சாபம் என்று பயமுறுத்துகிறவரிடம், காணிக்கையை அதோடு முடிச்சுப் போடுகிறவரிடம், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒரு வரன் வந்தால்

மூன்றையும் ஒரே சூழலில் வைத்துப் பார்ப்போம். பாலர் பள்ளி ஆசிரியை, 29 வயது, புங்கோலில் பெற்றோரோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறார். திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன். நல்ல குடும்பம், விசுவாசப் பிள்ளை, அம்மா அப்பாவுக்குப் பரம திருப்தி. இவருக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை, ஏன் என்றும் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதத்தில் பதில் கேட்கிறார்கள்.

தீர்க்கதரிசனத்துக்குப் போனால் ஒரே ராத்திரியில் பதில் கிடைக்கும். அது பெற்றோர் விருப்பத்தோடு ஒத்துப்போனால், இவர் வாய் திறக்க இடமே இருக்காது. வேண்டாம் என்றால் ஆண்டவரை எதிர்த்ததாகிவிடும். சிறு குழுவில், நம்பகமான இரண்டு அக்காமார் இருந்தால், “எதுக்குப் பயப்படறே?” என்று நிதானமாகக் கேட்பார்கள். குழுவே அம்மாவின் தோழிகளாக இருந்தால் உதவாது. முழு இஞ்ஞாசியார் தியானத்துக்கு மாதக்கணக்கில் நேரம் வேண்டும், வரன் அதுவரை காத்திருக்காது.

ஆனால் அந்த முறையிலிருந்து இரண்டு பயிற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முன்பின் தெரியாத ஒரு பெண் இதே நிலையில் வந்து கேட்டால் அவளுக்கு என்ன சொல்வேன் என்று யோசிப்பது. சாகும் தறுவாயில் திரும்பிப் பார்த்தால் எந்த முடிவை எடுத்திருக்க விரும்புவேன் என்று யோசிப்பது. அதோடு ஒரு விதி: மனம் இருண்டு, ஜெபம் கசந்து கிடக்கும் நாளில், முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. இவருக்கு நான் சொல்வது இந்த மூன்றும், நம்பகமான ஒரு அக்காவும், ஒரு மாதமும். உபவாசம் இருக்கட்டும், தீர்ப்பு கேட்டுப் போக வேண்டாம். மரியாள்கூட “இது எப்படியாகும்?” என்று கேட்ட பிறகுதான், உம்முடைய வார்த்தையின்படி ஆகக்கடவது என்றார். கேள்வி கேட்டதற்காக காபிரியேல் கோபித்துக்கொள்ளவில்லை.

எதை எடுப்பது

அவசர முடிவு எதுவும் இல்லை, ஒரு வருஷம் வளர வேண்டும் என்பவருக்கு என் யோசனை, உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் போவது. எதற்கும் ஆமாம் போட்டுப் பழகியவர், தனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறவர், இஞ்ஞாசியார் தியானத்துக்குப் போகட்டும். தன் இஷ்டப்படி வாழ்ந்து பழகியவர் சிறு குழுவுக்குப் போகட்டும், அதில் தலைவராக ஆகாமல் இருக்கட்டும். தலையில் மட்டும் விசுவாசம் வைத்திருப்பவர், பிரசங்கத்துக்கு மார்க் போட்டுக்கொண்டே கேட்பவர், சில மாதம் உபவாச ஜெபத்தில் முழங்காலில் நிற்கட்டும். ஏற்கெனவே அங்கே இருப்பவர், வாராவாரம் யாராவது தனக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவர், கொஞ்ச நாள் முன்வரிசையிலிருந்து விலகி, வேதத்தைத் தானே திறந்து உட்காரட்டும்.

மூன்றையும் ஒரே வருஷத்தில் செய்கிறேன் என்று கிளம்புவது நம்ம ஊர் கியாசு புத்தி, எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். மூன்றிலும் பாதிப் பாதி ஆகும். யூடியூப் பிரசங்கத்தை நான்காவது வழியாக நான் சேர்க்கவில்லை. அங்கே நம்மிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வீடியோவுக்குப் போய்விடலாம்.

துவாஸில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவர், “இதுக்கெல்லாம் எங்கே நேரம்?” என்பார். நியாயம்தான். அவருக்கு இஞ்ஞாசியாரின் ஆத்தும சோதனை இருக்கிறது, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எதற்கு நன்றி, எந்த இடத்தில் ஆண்டவர் பக்கத்தில் இருந்தார், எந்த இடத்தில் நான் விலகினேன், நாளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பது. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறி உட்கார்ந்தால் ஜூரோங் ஈஸ்ட் வருவதற்குள் முடித்துவிடலாம். நின்றுகொண்டே போக நேர்ந்தாலும் பரவாயில்லை, கண்ணை மூடினால் பக்கத்தில் இருப்பவர் தூக்கம் என்று நினைத்துக்கொள்வார்.